எத்தனை விளக்கு?

"என்னங்க... ஏங்க! உடம்புக்கு என்ன? எழுந்திரிங்க!"

திரைச்சீலைக் கடைக்காரர் கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. மனைவி அவர் நெற்றியில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நெஞ்சின் மேல் ஒரு புத்தகம் குடைபோல் கவிழ்ந்து கிடந்தது.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே. நல்லாத்தானே இருக்கேன்."

"அப்புறம் ஏன் தூங்கினீங்க?"

"தூங்கினா தப்பா?"

"கும்மிருட்டு புத்தகம் வாங்கிட்டு வந்த மறுநாள் உங்களை என்னிக்காவது கண்ணு சிவக்காம பார்த்திருக்கேனா? குறட்டை வேற. நான் டாக்டருக்கே போன் பண்ண இருந்தேன்."

அப்போதுதான் கடைக்காரருக்கு உறைத்தது. விருட்டென்று எழுந்து உட்கார்ந்து மேஜை விளக்கைப் பார்த்தார். அது அணைந்திருந்தது.

"இதை யாரு அணைச்சது?"

"நீங்கதான். 'கண்ணு கூசுது'ன்னு சொல்லிட்டு அணைச்சீங்க."

கடைக்காரர் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். அட்டையில் கும்மிருட்டு என்ற பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. போலி இல்லை. அசல்தான்.

"போச்சு," என்றார். "எல்லாம் போச்சு."

கும்மிருட்டு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல; எழுதுவதற்கு வைத்துக்கொண்ட பெயர். அதற்கு அவர் முழுக்கத் தகுதியானவர். பேய்க்கதை எழுதுகிற மற்றவர்கள் இரத்தத்தைக் குடம் குடமாகக் கொட்டுவார்கள். வாசகன் ஈரம் படாமல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிம்மதியாகப் படித்துவிட்டுப் போவான். கும்மிருட்டு ஒரு சொட்டு சிந்தமாட்டார். 'கதவைச் சாத்தினோமா என்பது அவளுக்கு நினைவில்லை' என்று ஒரு வரி எழுதுவார். அவ்வளவுதான். படிக்கிறவன் எழுந்துபோய்த் தன் வீட்டுக் கதவைப் பார்த்துவிட்டு வருவான். வந்து உட்கார்ந்த பிறகுதான், பார்த்தது வாசல் கதவையல்லவா, பின்கதவு என்ன ஆயிற்று என்று தோன்றும். அதுதான் சரக்கு. அதைத் தறியில் நெய்ய முடியாது, கடையில் வாங்க முடியாது.

அவருடைய முதல் நாவலில் வருகிற பேய், சத்தமே இல்லாமல் நடைவழியில் வந்து நிற்கும் ஒரு பெண். அடிக்கமாட்டாள், கடிக்கமாட்டாள், பல்லைக்கூடக் காட்டமாட்டாள். "கதவைச் சாத்து" என்பாள். வேறு பேச்சே கிடையாது. அந்த இரண்டு சொல்லுக்காக ஊரில் எத்தனையோ பேர் தாழ்ப்பாள் மாற்றினார்கள். அடுத்தடுத்த நாவல்களில் அவளே கிணற்றடியிலும் மாடிப்படியிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் வேறு வேறு ஆளாக வந்து நின்றாள். வாசகர்கள் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பயந்தார்கள்.

கடைக்காரர் தலைமையில் ஒரு வாசகர் வட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை என்பதால், மதியத்துக்கு மேல் கடையின் பின்னறையில் துணிச் சுருள்களின் மேலே உட்கார்ந்து பேசுவார்கள். நாவல்களுக்கு மதிப்பெண், நட்சத்திரம் எதுவும் அங்கே செல்லாது. விளக்குதான் அளவு. ஒரு நாவலைப் படித்துவிட்டு ராத்திரி வீட்டில் எத்தனை விளக்கை அணைக்கத் துணிச்சல் வரவில்லையோ, அந்த நாவல் அத்தனை விளக்கு.

இந்த அளவு கும்மிருட்டுக்கும் தெரியும். ஏனென்றால் அவர் கடைக்காரரின் வாடிக்கையாளர். அவருக்குப் பகலில்தான் எழுத வரும். பகலை இருட்டாக்கக் கனமான கறுப்புத் திரை வேண்டும் என்று சில வருடங்களுக்கு முன் ஒருநாள் கடைக்குள் நுழைந்தார். மூக்குக் கண்ணாடியும் கைக்குட்டையுமாக, தபால்தலை சேர்க்கிறவர் மாதிரி ஒரு சின்ன உருவம். அவர்தான் கும்மிருட்டு என்று தெரிந்ததும் கடைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆளை அனுப்பாமல் தானே வீட்டுக்குப் போய் அளவெடுத்தார், தானே மாட்டினார், சரியாக விழுகிறதா என்று பார்க்கிற சாக்கில் நாலைந்து தடவை போய்வந்தார். அப்படி வளர்ந்த சிநேகம்.

அன்றிலிருந்து, நாவல் வெளிவந்த மறுநாள் கும்மிருட்டு போன் செய்து ஒரே கேள்வி கேட்பார்: "எத்தனை விளக்கு?"

கடைக்காரர் உண்மையைச் சொல்வார். துணியைப் பற்றி அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். புத்தகத்தைப் பற்றி அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அது கும்மிருட்டுக்கும் தெரியும். "பதிப்பாளர் புகழறார், பத்திரிகைக்காரர் புகழறார். அவங்கள்லாம் விக்கிறவங்க," என்று ஒருமுறை சொன்னார். "நான் நம்பறது உங்க விளக்கைத்தான் கடைக்காரரே. நீங்க என்னிக்கு ஒரு விளக்குகூட இல்லேன்னு சொல்றீங்களோ, அன்னிக்குப் பேனாவை மூடி வச்சிட்டு எங்கக்காவுக்குக் காய் நறுக்கிக் கொடுத்துட்டு உக்காந்துடுவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

இப்போது அந்த நாள் வந்துவிட்டது.

கடைக்காரர் சமையலறை வாசலில் நின்று செருமினார்.

"உங்க வீட்டுச் சமையலறைக்கு ஏங்க செருமறீங்க? உள்ள வாங்க," என்றாள் மனைவி.

பிறர் வீட்டுப் படுக்கையறை ஜன்னல்களுக்கெல்லாம் அளவெடுத்தே வயதானவர். எந்த வாசலைக் கண்டாலும் தொண்டை தானாகச் செருமிக்கொள்ளும்.

"இப்ப அவர் போன் பண்ணுவார். நான் என்ன சொல்றது?"

"தூங்கிட்டேன்னு சொல்லுங்க."

"சொன்னா எழுதறதை நிறுத்திடுவார்!"

"நிறுத்தட்டுமே. மின்சாரமாவது மிச்சமாகும்," என்றாள். சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நிஜமாவே நல்லா இல்லையா?"

கடைக்காரர் துக்க வீட்டில் நிற்பவர்போல் நின்றார்.

கடையில் ஓர் அம்மாள் கூடத்து ஜன்னலுக்குத் துணி பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"கடைக்காரரே! படிச்சாச்சா?"

"வணக்கம் சார். சாப்பிட்டாச்சா?"

"அது கிடக்கட்டும். எத்தனை விளக்கு?"

"இன்னும்... முடிக்கலை சார்."

"முடிக்கலையா? நீங்களா?"

"பாதியிலேயே கீழ வச்சிட்டேன் சார்."

"ஏன்?"

"முடியலை சார்." கடைக்காரர் பொய் சொல்லக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தார். "அதுக்கு மேல ஒரு பக்கம்கூட என்னால முடியலை. கண்ணு ரெண்டும் இருட்டிக்கிட்டு வந்துச்சு. அப்புறம் என்ன நடந்துச்சுன்னே தெரியலை. காலைல வீட்ல நெத்தியைத் தொட்டுப் பார்த்து எழுப்பினாங்க. டாக்டருக்குப் போன் பண்ணவே இருந்தாங்க."

ஒவ்வொரு சொல்லும் சத்தியம்.

போனில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. "கடைக்காரரே," என்றார் கும்மிருட்டு. குரல் தழுதழுத்தது. "என் முதல் நாவலுக்குக்கூட நீங்க மயங்கி விழலையே!"

"சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"வேண்டாம், எதுவும் சொல்ல வேண்டாம். உண்மையைச் சொல்லட்டுமா? இந்த நாவல் எனக்கே கொஞ்சம் சந்தேகமாத்தான் இருந்துச்சு. இப்பத்தான் உயிர் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை உங்க வட்டத்துக்கு நானே வர்றேன். எல்லார் வாயாலயும் கேக்கணும்."

போன் வைக்கப்பட்டது. துணி பார்த்த அம்மாள் பரிதாபமாகக் கேட்டார்: "யாருக்குங்க உடம்பு சரியில்லை?"

மதியம் வட்டத்தின் மற்ற இருவரும் சொல்லிவைத்தாற்போல் கடைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவர் கணக்கு டீச்சர். கையில் எப்போதும் குடை. வெயிலுக்கும் மழைக்கும் மட்டுமல்ல, வகுப்புக்கும் அதுதான். இன்னொருவர் ஆம்புலன்ஸ் டிரைவர். பிணத்தோடு தனியாக வண்டி ஓட்டுவார். கும்மிருட்டு நாவலோடு தனியாக இருக்கமாட்டார்.

டீச்சர் புத்தகத்தைத் துணி வெட்டும் மேஜையில் பொத்தென்று போட்டார்.

"கழித்தல் மூணு."

"கழித்தலா? விளக்குல ஏது டீச்சர் கழித்தல்?"

"போன நாவலுக்கு இன்னும் எங்க வீட்ல மூணு விளக்கு எரிஞ்சிட்டிருந்துச்சு. இதைப் படிச்சதும் அதையும் அணைச்சிட்டேன். அப்போ கழித்தல்தானே?"

"எனக்கு மாடிப்படிப் பயம் போயிடுச்சுண்ணே," என்றார் டிரைவர். அழுதுவிடுவார்போல் இருந்தது. "மூணாவது நாவல்லேர்ந்து ஆசை ஆசையா வச்சிருந்தேன். நேத்து இருட்டுல மாடிக்குப் போறேன், ஒண்ணுமே ஆகலை."

"அது என்னப்பா பேய்?" டீச்சர் குடையால் தரையைத் தட்டினார். "சுவருக்குள்ளேர்ந்து வர்றதுக்கு முன்னாடி செருமுது! வந்ததும் சாப்பிட்டாச்சான்னு கேக்குது! கோணலா மாட்டின படத்தை நேரா வச்சிட்டுப் போகுது!"

"ஒரு இடத்துல லேசா ஒரு இது வந்துச்சு டீச்சர். படுத்திருக்கிறவன் போர்வை நுனியை ரெண்டு விரலால தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்க்குதே, அங்க."

"தேய்ச்சுப் பார்த்துட்டு என்ன பண்ணுது? இழுத்துப் போர்த்தி விடுது!"

"அது பேயே இல்லை டீச்சர்," என்றார் கடைக்காரர் மனம் நொந்து. "வெத்து ஆளு. வளவளன்னு பேச்சு. எனக்கு முதல் பக்கத்துலயே பிடிக்கலை. இவ்வளவு பெரிய எழுத்தாளருக்கு இந்த மாதிரி ஒரு அசட்டுப் பேய் எங்கேர்ந்துதான் கிடைச்சுதோ."

மூவரும் தலைகுனிந்து சற்று நேரம் அந்தப் பேய்க்காக வருந்தினார்கள். பிறகு கடைக்காரர் விஷயத்தைச் சொன்னார்: போன் வந்தது, ஞாயிற்றுக்கிழமை ஆள் நேரில் வருகிறார், பூஜ்யம் என்று தெரிந்தால் பேனாவை மூடிவிடுவார்.

டிரைவரின் முகம் வெளுத்தது. "அவர் எழுதலைன்னா நாம யாருக்குண்ணே பயப்படறது?"

"அதனாலதான் கேக்கறேன். ஆளுக்கு நாலு விளக்கு சொல்லுங்க."

"கழித்தல் மூணு எப்படிப்பா நாலாகும்?" என்றார் டீச்சர். "வித்தியாசம் ஏழு!"

"உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். மூணு."

"பூஜ்யம். அதுவே உனக்காக மூணு ஏத்தியிருக்கேன்."

"டீச்சர், எவ்வளவு நாள் பழக்கம் நம்ம பழக்கம். ரெண்டுன்னு சொல்லுங்க, முடிச்சுக்குவோம்."

"அரை."

"அரை விளக்குன்னா என்ன டீச்சர்?"

"ஜீரோ வாட்ஸ் பல்பு."

கடைக்காரர் துணிச் சுருளைச் சுருட்டி வைப்பதுபோல் பாவனை செய்தார். டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு படி இறங்குவதுபோல் பாவனை செய்தார். இருவரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள்.

"ஒண்ணு," என்றார் டீச்சர். "அதுவும் பாத்ரூம் விளக்கு. இதுக்கு மேல மனசாட்சி இடங்கொடுக்காது."

"நான் ரெண்டு சொல்றேண்ணே," என்றார் டிரைவர் தாராளமாக.

பேரம் படிந்தாலும் கடைக்காரருக்கு நிம்மதி வரவில்லை. டீச்சர் வாய் ஒன்று என்று சொல்லும். முகம் கழித்தல் மூன்று என்றே சொல்லும். கும்மிருட்டு முகம் படிப்பதில் கெட்டிக்காரர். ஆகவே, கொஞ்சமாவது அசல் பயம் வேண்டும். அதற்குக் கடையில் சரக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னறை முழுக்கக் கறுப்பு வெல்வெட் தொங்கியது. ஜன்னல் அடைபட்டு, நடுப்பகலில் அறை குகைபோல் ஆயிற்று. எழுத்தாளர் நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய பெரிய திரைக்குப் பின்னே கடைத் தையல்காரரை நிறுத்தினார் கடைக்காரர். பத்துப் பேருக்கான உடம்பு, குழந்தை மனசு.

"நான் சைகை கொடுத்ததும் திரையை மெதுவா அசைக்கணும். அவ்வளவுதான் வேலை."

"என்ன சைகைங்க முதலாளி?"

"செருமறேன்."

தையல்காரர் தலையாட்டினார். இந்த ஏற்பாட்டில் ஏதோ இடிக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம், சொல்லவில்லை.

கும்மிருட்டு வந்தார். கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு இருட்டறையைச் சுற்றிப் பார்த்து மகிழ்ந்துபோனார். "எனக்காகவா இதெல்லாம்?"

"வாங்க சார், வாங்க," என்று அறை வாசலில் நின்ற கடைக்காரர் வழக்கம்போல் செருமிவிட்டு உள்ளே வந்தார்.

திரை அசைந்தது.

"காத்து நல்லா வருதே," என்றார் கும்மிருட்டு.

"ஆமாம் சார்," என்றார் கடைக்காரர், அடைத்த ஜன்னலைப் பார்த்தபடி. பதற்றத்தில் தொண்டை அடைத்தது. செருமினார். திரை மறுபடி அசைந்தது.

டீச்சர் சட்டென்று பேச்சை ஆரம்பித்தார். "புது நாவலுக்கு என் கணக்கு ஒண்ணு சார்."

"ஒண்ணுதானா?" கும்மிருட்டு முகம் சுருங்கியது.

அதைப் பார்த்ததும் டிரைவரால் தாங்க முடியவில்லை. இளகிய நெஞ்சம். "எனக்குப் பத்து சார்!" என்றார்.

"பத்தா!"

"உன் வீட்ல இருக்கிறதே அஞ்சு விளக்குதான்," என்று டீச்சரின் வாய் தன்னையறியாமல் கணக்குப் பார்த்தது.

"பகல்லயும் போட்டேன் டீச்சர்!"

கும்மிருட்டு எழுந்து நின்றார். கண்களில் நீர் தளும்பியது. "நண்பர்களே, நான் ஒண்ணு சொல்லணும். இந்தப் பேய் மேல எனக்கு ரொம்பப் பிரியம். யாருக்கும் பிடிக்காதோன்னு பயந்துட்டே இருந்தேன். நீங்க கொடுத்த தைரியத்துல முடிவு பண்ணிட்டேன். ரெண்டாம் பாகம் எழுதறேன். மூணாம் பாகமும் எழுதறேன். இனிமே என் நாவல் எல்லாத்துலயும் இந்தப் பேய்தான்!"

அன்று அந்த அறையில் முதன்முதலாக அசல் பயம் பரவியது.

கடைக்காரருக்கு மூச்சு முட்டியது. "சா..." என்று ஆரம்பித்தார். குரல் வரவில்லை. செருமினார். மறுபடி செருமினார். தொண்டைக்குள் ஒரு முழு நாவலே சிக்கிக்கொண்டதுபோல் செருமிக்கொண்டே இருந்தார்.

திரைக்குப் பின்னால் தையல்காரர் கடமையில் குறை வைக்கவில்லை. முதலாளி இத்தனை தடவை சைகை கொடுக்கிறார் என்றால் அவசரம்தான் என்று இரண்டு கையாலும் திரையைப் பற்றி உலுக்கினார். ஆயுளுக்கும் அசையாது என்று சொல்லிக் கடைக்காரர் ஊரெல்லாம் விற்கும் கம்பி, இரண்டு ஆணியோடும் சுவரை விட்டுப் பெயர்ந்து வந்தது. வெல்வெட் மொத்தமும் எல்லார் தலைமேலும் சரிந்தது. ஒரே இருட்டு. டிரைவர் அலறினார். பக்கத்தில் பெரிதாக ஏதோ புரண்டது. டீச்சர் அதைக் குடையால் அடித்தார்.

"ஐயோ, நான்தாங்க டீச்சர்! தையல்! தையல்!"

கும்மிருட்டு ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். கழுத்தில் அளவு நாடா தொங்க, தையல்காரர் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

டீச்சர் குடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"என் நாவல்ல பயம் கிழிஞ்சிருக்கா கடைக்காரரே?" என்று கும்மிருட்டு மெல்லக் கேட்டார். "தையல்காரரை வச்சு ஒட்டுப் போடறீங்களே."

அவர் வெல்வெட்டை ஒழுங்காக மடித்து நாற்காலியில் வைத்தார்.

"நாளைக்கு வீட்டுக்கு வாங்க. தனியா."

மறுநாள் காலை கடைக்காரர் கும்மிருட்டு வீட்டு வாசலில் நின்று செருமினார். கதவு சத்தமில்லாமல் திறந்தது. எழுத்தாளரின் அக்கா நின்றுகொண்டிருந்தார். இதற்குமுன் அளவெடுக்கப் போனபோது சமையலறைக் கதவிடுக்கில் நிழலாகப் பார்த்ததோடு சரி. அவர் எதுவும் சொல்லவில்லை. உள்ளே போ என்று மோவாயால் காட்டினார். வீட்டுப் பூனை மட்டும் கடைக்காரரின் காலைச் சுற்றிச் சுற்றிக் கொஞ்சியபடி எழுத்தறைவரை கூடவே வந்தது.

கறுப்புத் திரைகளுக்கு நடுவே கும்மிருட்டு உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் பேனா மூடி வைக்கப்பட்டிருந்தது.

"எத்தனை விளக்கு?"

கடைக்காரர் பேனாவைப் பார்த்தார். பிறகு அந்தச் சிறிய மனிதரின் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருடம் தன் ஒரு சொல்லை நம்பி எழுதியவர்.

"ஒண்ணுகூட இல்லை சார். அணைச்சிட்டுத் தூங்கிட்டேன். குறட்டை விட்டேனாம்."

"அந்தப் பேய்கிட்ட என்ன குறை?"

"குறைன்னு ஒண்ணுமே இல்லை சார். அதுதான் குறை. வாய் ஓயாது, ஆனா கெட்டது நினைக்காது. எந்த வீட்டுக்குள்ள போனாலும் அந்த வீடு நல்லா இருக்கணும்னு நினைக்குது. இந்த மாதிரி ஒரு ஆளைப் பக்கத்து வீட்ல வச்சுக்கலாம் சார். பேயா வச்சுக்க முடியாது."

எழுத்தாளர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உதடு துடித்தது. அழப்போகிறார் என்று கடைக்காரர் பயந்தார். கும்மிருட்டு சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கைக்குட்டை நனையும்வரை சிரித்தார்.

"நீங்களே சொல்லிட்டீங்க. இனி நான் என்னத்தைச் சொல்ல?"

சிரிப்பு அடங்கியதும் அவர் கை மூடிய பேனாவை இழுப்பறைப் பக்கம் தள்ளியது. கடைக்காரர் பாய்ந்து அதை எடுத்துவிட்டார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நான் வியாபாரி. நல்ல தறியில ஒரு பீஸ் சாயம் பிசகி வரும். அதுக்காகத் தறியை விறகுக்குப் போடுவாங்களா?" பேனா மூடியைக் கழற்றி நீட்டினார். "உங்க நாவலைப் படிச்சுட்டுத் தூங்காத ராத்திரி எல்லாம் எனக்கு நல்ல ராத்திரிங்க. விளக்கைப் போட்டுக்கிட்டு நானும் வீட்ல அவங்களும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்போம். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் வேற எதுக்குங்க நாங்க கையைப் பிடிச்சுக்கப் போறோம்? நிறுத்தாதீங்க சார்."

கும்மிருட்டு பேனாவை வாங்கிக்கொண்டார். வெகுநேரம் அதன் முனையையே பார்த்தார்.

"என் மேல பிரியம் இருக்கிறவங்க யாரும் இதுவரைக்கும் என்னைப் பார்த்து உன் புத்தகம் தூக்கம் வரவழைக்குதுன்னு சொன்னதில்லை," என்றார். "சரி. எழுதறேன். அந்தப் பேயை விட்டுடறேன். மனசு கேக்கலை, ஆனா விட்டுடறேன்."

"அதை ஏன் சார் அவ்வளவு பிடிச்சுக்கிட்டீங்க?"

"பழகிப் பார்த்தா உங்களுக்கும் பிடிக்கும்," என்றார் கும்மிருட்டு, மறுபடி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு. "போயிட்டு வாங்க. நான் பழைய பேய்கிட்டயே திரும்பிப் போறேன்."

கடைக்காரர் காற்றில் மிதந்தபடி வெளியே வந்தார். நடைவழி ஜன்னலில் தான் மாட்டிய திரை தொங்கியது. கொஞ்சம் கோணலாக இருந்தது. இழுத்து நேராக்கினார். அப்படியே அதன் நுனியை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். சாயம் போகவில்லை. மனம் குளிர்ந்தது.

"கதவைச் சாத்து."

கடைக்காரரின் பிடரி மயிர் சிலிர்த்து நின்றது. உள்ளங்கால் குளிர்ந்தது. எத்தனையோ நாளாக வராமல் போயிருந்த அந்த அருமையான பயம், ஒரே நொடியில் முதுகுத்தண்டு முழுக்க ஓடியது. மெதுவாகத் திரும்பினார். ஓர் அடிச் சத்தமும் கேட்காமல் பின்னால் வந்து நின்றிருந்தார் எழுத்தாளரின் அக்கா.

"போறப்ப சாத்திட்டுப் போ தம்பி, பூனை வெளிய ஓடிடும்," என்றார்.

"சரிங்கக்கா," என்றார் கடைக்காரர், திரை நுனியை விடாமல். அந்த முகத்தின் முன் சும்மா நிற்க முடியாமல் எதையோ பேச வேண்டியிருந்தது. "சாப்பிட்டாச்சாக்கா? தம்பியோட புது நாவல்... நீங்க படிச்சீங்களா?"

அக்கா அவர் விரலையும் அதிலிருந்த துணியையும் நேராக்கிய திரையையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"முதல்லேர்ந்து அவன் புத்தகத்துல வர்ற பேய் எல்லாம் நான்தான், 'இந்த ஒரு தடவை மாறுதலுக்குத் திரைக்கடைக்காரரை வச்சு எழுதறேங்க்கா'ன்னு வந்து நின்னான், அப்பவே தலைதலையா அடிச்சுக்கிட்டேன், 'வேண்டாம்டா, அந்தத் தம்பியைப் பார்த்தா நம்ம வீட்டுப் பூனைகூடப் பயப்படாதே'ன்னு."